உதயகலாவின் அன்னதானம்

உதயகலா என் தம்பி இராசநாயகத்தின் மனைவி; நான் அவளுக்கு மச்சாள். உரும்பிராயில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலியும், பொதுவில் ஒரு கிணறும் உண்டு. வேலியால் வந்த சண்டை பாதி, கிணற்றால் வந்த சண்டை மீதி. ஆகவே நான் அவளைப் பற்றிச் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புங்கள் என்று கேட்கமாட்டேன். ஆனால் கீரிமலையில் நடந்தது முழுவதற்கும் நான் சாட்சி. சோற்று அகப்பை என் கையில்தான் இருந்தது.

அவள் அளவெட்டிக்காரி. அளவெட்டியென்றால் நாதஸ்வரம் என்பார்கள். எங்களுக்கு வாய்த்தது தவில். கலியாணமாகி வந்த முதல் மாதமே எங்கள் அம்மாவோடு சண்டை, அடுத்த மாதம் என்னோடு சண்டை. தம்பி வாயில்லாப் பூச்சி. காலையில் வெங்காயத் தோட்டத்துக்குப் போனால், இருட்டினபிறகுதான் வருவான். வீட்டில் இருந்தால் காது போய்விடும் என்ற பயம்தான் காரணமென்று நான் நினைக்கிறேன்.

உதயகலா பல்கலைக்கழகத்துக்குப் போகிற உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். பரீட்சைக்கு முந்திய வருடம், இராணுவம் வருகிறதென்று வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அவளுடைய கொப்பி புத்தகமெல்லாம் அளவெட்டியிலேயே போய்விட்டன. சோதினை எழுதினாள், சித்தியடையவில்லை. அந்த இடப்பெயர்வு எங்கள் எல்லோருக்கும்தான் நடந்தது. நான் ஒரு பசுவையும் கன்றையும் கட்டையில் கட்டியபடி விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கயிறுகூட இல்லை. அதை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியவில்லை. உதயகலாவோ, மீன் கொண்டு வருகிறவனிடம்கூட, “தொண்ணூற்றைஞ்சு மட்டும் வராட்டி நான் இண்டைக்கு டொக்குத்தர், தெரியுமோ?” என்பாள். அவன் பாவம், பாரை மீனைத் தராசில் வைத்தபடி தலையாட்டுவான்.

லக்ஷன் பிறந்தபோது அவள் பிள்ளை பெற்ற படுக்கையிலேயே, “என்ரை டொக்டர் வந்திட்டார்” என்றாள். ஒரே பிள்ளை. மண்வெட்டியைத் தொடவிட்டதில்லை, கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளவிட்டதில்லை. அவன் படிக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ பாடினால் வேலிக்கு மேலால் இவள் பாடுவாள். ஒருமுறை கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிப் பரிபாலன சபைத் தலைவரோடு வீதியில் நின்று சண்டை பிடித்தாள். “அம்மனுக்குக் காது கேக்கும், கத்தத் தேவையில்லை” என்றாள். அந்தச் சண்டையில் மட்டும் நான் மனதுக்குள் அவள் பக்கம்.

பொடியன் நல்ல பொடியன். சின்னவனாக இருக்கும்போது தாய் ஏசினால் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து என் வீட்டுக்கு வந்துவிடுவான். கெட்டிக்காரன்தான், ஆனால் யாழ்ப்பாணத்தில் கெட்டிக்காரருக்கா பஞ்சம்? பக்கத்திலிருக்கிற திருநெல்வேலியில் ஒரு ரியூசன் வகுப்புக்குள் கல்லெறிந்தால் நாலு கெட்டிக்காரரின் தலையில் படும். இவ்வளவு பேருக்குள் மருத்துவபீடத்துக்கு அடிபட்டுப் போக அவனால் ஏலாதென்று ரியூசன் வாத்தியார் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சொன்னவர் இன்னொன்றும் சொன்னார்: இதே புள்ளியை முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து எடுத்தால் இடம் நிச்சயம்.

இந்த விசயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை எடுக்கும்போது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனியாக இடம் ஒதுக்குகிறார்கள். வசதி குறைந்த மாவட்டப் பிள்ளை குறைந்த புள்ளியோடு உள்ளே போகலாம். யுத்தத்தில் பள்ளிக்கூடமும் வாத்தியாரும் இல்லாமல் கிடந்த பிள்ளைகளுக்கு அதுதான் நியாயம். எங்கள் ஆட்களுக்கு ஒரு நியாயத்தைக் காட்டினால் போதும், அதற்குள் எந்தப் பக்கத்தால் புகலாமென்று பார்ப்பார்கள். பிள்ளையின் பெயரை வன்னிப் பள்ளிக்கூடத்தில் பதிந்துவிட்டு, பிள்ளையை இங்கே ரியூசனுக்கு விடுவார்கள். உதயகலா இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அவளைப்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தவர்கள் குறைவு.

முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவில் அவளுடைய சின்னம்மாவின் மகன் இருக்கிறான். லக்ஷன் சாதாரண தரச் சோதினை எழுதுவதற்கு முன்னமே அவனை அங்கே கொண்டுபோய் விட்டாள். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்தாள். பொடியன் கிழமையில் இரண்டு மூன்று நாள் அங்கே போய் முகத்தைக் காட்டுவான். மிச்ச நாளெல்லாம் திருநெல்வேலியில் ரியூசன், உரும்பிராயில் நித்திரை. அங்கே யாராவது கேட்டால், மாமா வீட்டில் வளர்கிறேன், அம்மா வெளிநாட்டில் என்று சொல்லவேண்டும். அந்த வசனத்தை அவளே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் பாத்திரம் மினுக்கிக்கொண்டிருந்தேன், கேட்டது.

“உயிரோடை இருக்கிற தாயை வெளிநாட்டுக்கு அனுப்பிப்போட்டியே” என்றேன்.

“உங்களுக்குப் பிள்ளை குட்டி இருந்தால் விளங்கும் மச்சாள்” என்றாள்.

எனக்குப் பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் கதைக்கவில்லை.

இப்படியே காலம் ஓடிச் சோதினைக்குச் சில மாதம் இருக்கும்போது அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சிவதர்ஷன் என்றொரு புது இரசாயன வாத்தியார் வந்தார். அவரும் முல்லைத்தீவுக்காரர், அகதிக் கூடாரத்துக்குள் படித்து வாத்தியாரானவர். வந்த கிழமையே வகுப்பில் எழும்பி நின்று, “வீடு யாழ்ப்பாணம், இடாப்புப் பதிவு முல்லைத்தீவு எண்டு இஞ்சை ஆரும் இருந்தால் தாங்களாப் போங்கோ. நான் பிடிச்சனெண்டால் அண்டைக்கே மேலிடத்துக்கு அறிவிப்பன்” என்றாராம். லக்ஷன் இதை வந்து சொன்ன நாளிலிருந்து உதயகலாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிடிபட்டால் முல்லைத்தீவு இடமும் இல்லை, இவ்வளவு காலம் செய்ததும் வீண். அவள் வாழ்க்கையில் மிச்சமிருந்தது அந்த ஒரு இடம்தான்.

அதற்குள் அந்த வாத்தியாரே ஒரு சுற்றுலா ஒழுங்குசெய்தார். உயர்தரப் பிள்ளைகளை யாழ்ப்பாணம் கூட்டிவந்து பல்கலைக்கழகக் கம்பஸைக் காட்டுவது, அடுத்த நாள் கீரிமலை, கசூரினாக் கடற்கரை, நல்லூர் என்று சுற்றிவிட்டுத் திரும்புவது. லக்ஷன் போகாவிட்டால் சந்தேகம் வரும். போனால், தான் ஒவ்வொரு நாளும் சைக்கிள் ஓடுகிற வீதியைப் பஸ் ஜன்னலால் முதல்முதல் பார்க்கிறவன்போல் பார்க்கவேண்டும். “நடி ராசா, ரெண்டே நாள்தானே” என்று அனுப்பிவைத்தாள்.

அந்த முதல் நாள் பின்னேரம் என்னைத் திருநெல்வேலிச் சந்தைக்கு வரச்சொன்னாள். மரக்கறி வாங்கவாம். சந்தையில் அவள் ஒரு காயையும் தொடவில்லை. என் கையைப் பிடித்துப் பரமேஸ்வராச் சந்திக்கு இழுத்துக்கொண்டு போனாள். கம்பஸ் வாசலில் வெள்ளை உடுப்போடு ஒரு நாற்பது பிள்ளைகள் நின்றார்கள். முன்னால் ஒல்லியாக, சிரிப்பு மருந்துக்கும் இல்லாத ஒருவர். அவர்தான் சிவதர்ஷன் வாத்தியார். மருத்துவபீடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்போல. பெட்டைகள் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் படம் எடுக்கவில்லை. இரட்டைப் பின்னலோடு நின்று கட்டடத்தை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள், காணி வாங்க வந்தவள்போல.

லக்ஷன் எங்களைக் கண்டான். கண்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, பக்கத்தில் நின்ற பொடியனோடு ஏதோ கதைத்துச் சிரித்தான்.

“பாத்தியளே மச்சாள்? ஒரு சொட்டும் காட்டிக்கொடுக்கேல்லை. என்ன கெட்டிக்காரன்!” என்றாள் உதயகலா. அவளுடைய கண் நிறைந்திருந்தது. தாயைக் கண்டு முகத்தைத் திருப்புகிற பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்பட்ட ஒரு தாயை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரவு அவன் ஒளித்து நின்று தொலைபேசியில் கதைத்தான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறாள். பாணும் பருப்பும், அதுவும் பருப்பு அவியவில்லை என்றிருக்கிறான். நாளை மத்தியானம் எங்கே என்றால், கீரிமலை, அங்கேயும் ஏதோ பார்சல்தான். அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் உதயகலாவின் மூளை வேலை செய்வதை நிறுத்தியது. மூன்று வருடம் அரசாங்கத்தையும் பள்ளிக்கூடத்தையும் ஏய்த்தவள், பிள்ளை வீட்டு வாசலால் பட்டினியாய்ப் போகிறானென்றதும் யாழ்ப்பாணத்துத் தாயாகிவிட்டாள்.

விடியப்புறம் என் படலையைத் தட்டினாள். “மச்சாள், நாற்பது பேருக்குச் சமைக்கவேணும். வாங்கோ.”

“உனக்கென்ன விசரோ?”

“ஒருத்தருக்கும் தெரியவராது. அன்னதானமெண்டு குடுப்பம். கோயிலடி மடத்திலை கதைச்சிட்டன். நேர்த்திக்கடன் இருக்கு, வாற பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குப் போடப்போறனெண்டு. கீரிமலையிலை அன்னதானம் குடுக்கிறது என்ன புதுசே?”

சூழ்ச்சி நல்ல சூழ்ச்சிதான். கோயிலடியில் முன்பின் தெரியாதவருக்குச் சோறு போடுவதை எங்கள் பக்கம் யாரும் சந்தேகப்படுவதில்லை. சண்டை பிடிக்கிறவளோடு சேர்ந்து சமைக்கக்கூடாதென்று சட்டமும் இல்லை. பொடியன் அவியாத பருப்புத் தின்றானென்றது எனக்கும் பொறுக்கவில்லை. போனேன்.

அவள் கத்தரிக்காயை எடுத்து வெட்டத் தொடங்கினாள். லக்ஷனுக்குக் கத்தரிக்காய் ஆகாது. கிரந்தி உடம்பு, ஒரு துண்டு தின்றால் இரவு முழுக்க உடம்பு கடித்துச் சொறிவான். “வேறை ஏதும் வைப்பமே” என்றேன்.

“கத்தரிக்காய்க் கறி இல்லாமல் அன்னதானமோ? சனம் என்ன கதைக்கும்? அவனுக்கு ஒரு சின்னக் கிண்ணத்திலை உருளைக்கிழங்கு பிரட்டி வைக்கிறன்.”

எனக்கும் அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. தம்பி மட்டும் அடுப்படிக்கு வந்து ஒருமுறை நின்றான். “வேண்டாம் உதயா” என்றான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் தோட்டத்துக்குப் போய்விட்டான். பத்து மணிக்குப் சின்னப் பட்டா லொறியொன்றில் சோற்றுக் கிடாரங்களை ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் பின்னால் குந்தியிருந்து போனோம்.

கீரிமலைக் கேணியில் பொடியன்கள் சுவரில் ஏறிப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். லக்ஷனும் பாய்ந்தான். வெளியே வந்து துவாயால் தலையைத் துடைக்கும்போது மடத்து வாசலில் நின்ற தாயைக் கண்டான். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்த பார்வையில், எனக்கே இரண்டடி பின்னால் போகவேண்டும்போல் இருந்தது. அவளுக்கு அது உறைக்கவில்லை. ஈரத்தலையோடு நிற்கிறான், தடிமன் வரப்போகிறது என்று என் காதுக்குள் முணுமுணுத்தாள்.

வாத்தியார் முதலில் சம்மதிக்கவில்லை. “நாங்கள் சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறம் அம்மா” என்றார். மடத்துக்காரர், நேர்த்திச் சாப்பாட்டை வேண்டாமென்று சொல்லக்கூடாது தம்பி என்றார். பிள்ளைகளுக்குக் கேணியில் குளித்த பசி. கறி மணத்துக்கு மூக்கு விரிந்துவிட்டது. வாத்தியார் தலையை அசைத்தார். எல்லோரும் வரிசையாகப் பந்தியில் இருந்தார்கள். லக்ஷனுக்குப் பக்கத்தில் அந்த இரட்டைப் பின்னல்காரி இருந்தாள். மற்றப் பிள்ளைகள் கூப்பிட்டதில் பெயர் சாருஜா என்று தெரிந்தது.

நான் சோறு போட்டுக்கொண்டு முன்னால் போக, உதயகலா கறிச்சட்டியோடு பின்னால் வந்தாள். பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு கத்தரிக்காய்க் கறியோடு வந்தாள். ஒவ்வொரு இலையிலும் ஒவ்வொரு அகப்பை. லக்ஷனின் இலைக்கு வந்ததும் அகப்பை அவனைத் தாண்டிச் சாருஜாவின் இலைக்குப் போனது. அவன் வேண்டாமென்று கை காட்டவில்லை, வாய் திறக்கவில்லை. அவள் சட்டியை வைத்துவிட்டுப் போய்ச் சின்னக் கிண்ணத்தை எடுத்து வந்து, உருளைக்கிழங்குப் பிரட்டலை முழுவதுமாக அவனுடைய இலையில் கவிழ்த்தாள். பதினேழு வருடம் செய்த வேலை. கை தன்பாட்டில் செய்துவிட்டது.

“அன்ரி, எனக்கும் உதிலை கொஞ்சம் தாங்கோ” என்றாள் சாருஜா.

“அது… முடிஞ்சுது பிள்ளை.”

“இவனுக்குக் கத்தரிக்காய் கிரந்தி எண்டு கூடப் படிக்கிற எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு ஆர் சொன்னது?”

கேட்டதில் சத்தமில்லை. ஆனால் பக்கத்திலிருந்த நாலைந்து பிள்ளைகள் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். நான் முந்திக்கொண்டு, “மூஞ்சி முழுக்கப் பரு. பாத்தாலே கிரந்தி உடம்பெண்டு தெரியுதே பிள்ளை” என்றேன்.

“பரு எனக்குந்தான் இருக்கு. எனக்கு அகப்பை நிறையப் போட்டவ.”

வாத்தியார் பந்தியின் அந்தக் கரையிலிருந்து எழும்பி வந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. உதயகலாவைப் பார்த்தார், லக்ஷனைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே சப்பை மூக்கு. அதை மறைக்க எந்த மாவட்டத்திலும் வழியில்லை.

“எந்த ஊர் அம்மா நீங்கள்?”

“உரும்பிராய்.”

“பிள்ளையள்?”

“ஒரு பொடியன். படிக்கிறான்.”

“எங்கை?”

உதயகலா வாயைத் திறந்தாள். பரிபாலன சபைத் தலைவரை வாயடைக்க வைத்தவளுக்கு அந்த நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் வரவில்லை.

சாருஜா எழும்பினாள். “சேர், நான் கேக்கிறன். போனமுறை எங்கடை பள்ளிக்கூடத்தாலை மெடிசினுக்குப் போனது ஒரே ஒரு ஆள். அந்த ஆளின்ரை வீடு எங்கையெண்டு எங்களுக்குப் பிறகுதான் தெரியும். இந்தமுறை ஒவ்வொரு சோதினையிலையும் இவன் முதலாம் பிள்ளை, நான் ரெண்டாம் பிள்ளை. இவன் வெள்ளிக்கிழமையிலை வாறதில்லை, திங்களிலை வாறதில்லை. எனக்கு ரியூசனும் இல்லை, ஒண்டும் இல்லை. அன்ரி, இவன் உங்கடை பிள்ளை இல்லையெண்டால் லேசு. உந்தக் கோபுரத்தைப் பாத்து, இவன்ரை தலையிலை கை வைச்சு, இவன் என்ரை பிள்ளை இல்லையெண்டு சத்தியம் பண்ணுங்கோ. நான் எல்லாருக்கும் முன்னாலை இவனட்டை மன்னிப்புக் கேக்கிறன்.”

“சாருஜா, இரும்” என்றார் வாத்தியார். ஆனால் அவரும் அசையாமல் உதயகலாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன பிள்ளை இது, சாப்பிடுற இடத்திலை” என்றாள் உதயகலா. “ஆற்றையோ பிள்ளையின்ரை தலையிலை நான் ஏன் கை வைக்கவேணும்?”

அப்போது லக்ஷன் எழும்பினான். எச்சில் கையை மடித்துப் பின்னால் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தாயின் மணிக்கட்டைப் பிடித்தான். “வைச்சுச் சொல்லுங்கோ அன்ரி. எனக்கு ஒண்டும் இல்லை. இவளின்ரை வாய் அடங்கட்டும்” என்றான். இழுத்துத் தன் ஈரத்தலையில் வைத்தான்.

அவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை. விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை. தலையில் கை வைத்துப் பொய் சொன்னால் மயிர்கூட உதிராதென்று அவனுக்குத் தெரியும். ஒரு வசனம், அவ்வளவுதான். இடம் கிடைக்கும். உதயகலாவால் சொல்லமுடியாத பொய்யா அது? பள்ளிக்கூடத்தில் சொன்னாள், உறவினரிடம் சொன்னாள், தன்னை வெளிநாட்டுக்கே அனுப்பினாள். ஆனால் பிள்ளையின் உச்சியில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் பண்ணினால் அது அந்தப் பிள்ளையைத்தான் தின்னும் என்று எங்களுக்கு முலைப்பாலோடு ஊட்டியிருக்கிறார்கள். உயிரியல் படித்தாலும் அது போகாது. சொல்லிவிடாதே என்று நினைத்தேன். சொல்லித் தொலை என்றும் நினைத்தேன்.

அவளுடைய உதடு அசைந்தது. “இவன் என்ரை…” என்றாள். பிறகு கையை வெடுக்கென்று இழுத்து, மற்றக் கையால் பொத்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“என்னாலை ஏலாது. நான் பெத்த பிள்ளை. அவன்ரை தலையிலை வைச்சு ஏலாது.”



வாத்தியார் கத்துவாரென்று பார்த்தேன், கத்தவில்லை. “லக்ஷன், பஸ்ஸிலை உம்மடை பை இருக்கு. எடுத்துக்கொண்டு தாயோடை போம். நான் அறிவிக்க வேண்டியதை அறிவிப்பன்” என்றார். உதயகலா அவருக்கு முன்னால் போய்க் கும்பிட்டாள். காலில் விழக் குனிந்தாள்; அவர் விலகிவிட்டார். அந்த ஆற்றாமை முழுவதும் சாருஜாவின் மேல் திரும்பியது.

“நாசமாப் போவாய்! சோறு போட்ட கையைக் கடிச்சிட்டியேடி!”

அந்தப் பெட்டை அழவுமில்லை, பயப்படவுமில்லை. தன் இலையைக் குனிந்து மடித்தாள். “நீங்கள் போட்டது ஒரு நேரச் சோறு அன்ரி. எடுக்கப் பாத்தது என்ரை சீவியத்துச் சோறு” என்றாள். கை கழுவப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாததால் அந்தக் கோபம் இன்னும் கூடியது.

பஸ் கசூரினாவுக்குப் போய்விட்டது. சில பிள்ளைகள் ஜன்னலால் தலையை நீட்டிக் கூவென்று கத்திக்கொண்டு போனார்கள். மடத்துக்குள் பாதி தின்ற இலைகளும் நாங்கள் மூன்று பேரும் மிஞ்சினோம். லொறிக்காரப் பொடியன் கிடாரங்களை ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்க்காதவன்போல் நடித்தான்.

உதயகலா மகனுக்குப் பக்கத்தில் போனாள். “ராசா, நீ சாப்பிடவுமில்லை” என்றாள். வேறு எந்தத் தாயும் அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கமாட்டாள், அல்லது எல்லாத் தாயும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

“உங்களை ஆர் வரச் சொன்னது?”

“பசியோடை போறாயெண்டு…”

“ஆர் வரச் சொன்னது எண்டு கேட்டனான்!”

மடத்துக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நான் போய் அவனுடைய தோளைத் தொட்டேன். “விடு தம்பி, அவள் பயந்துபோனாள். உனக்கு ஏதும் நடந்திடுமெண்டு…”

“மாமி, நீங்கள் பேசாமல் நில்லுங்கோ.” அவன் என்னோடு அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. பிறகு தாயைப் பார்த்தான். இப்போது கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“மூண்டு வருசம் நான் ஆற்றையோ வீட்டிலை, ஆற்றையோ பிள்ளையா இருந்தனான். அம்மா எங்கையெண்டு கேட்டால் வெளிநாட்டிலை எண்டு சொன்னனான். பெட்டையள் பாவமெண்டு தங்கடை சாப்பாட்டைத் தருவாளவை, அதையும் வாங்கித் திண்டனான். ஒரு நாளும் ஏலாதெண்டு சொல்லேல்லை, நீங்கள் சொன்னனீங்கள் எண்டதுக்காக. உங்களாலை ஒரு நிமிசம் என்ரை அம்மா இல்லாமல் இருக்க ஏலாமல் போச்சு.”

பையைத் தோளில் போட்டான். எங்கள் லொறியில் ஏறவில்லை. பஸ் வருகிற வீதிக்கு நடந்தான். அவள் அவனைக் கூப்பிடவில்லை. அவன் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “மச்சாள், அவன் சொல்லுறது சரிதானே?” என்று என்னிடம் கேட்டாள்.

இருபது வருடத்தில் உதயகலா என்னிடம் நியாயம் கேட்டது அது ஒருமுறைதான். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. நான் குனிந்து இலைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.